பூச்சி சேர்த்த பையன்: பின்ட்ரெஸ்ட் பிறந்த கதை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மக்காச்சோளம் விளையும் சமவெளிக்கு நடுவே டெஸ் மொய்ன் என்று ஓர் ஊர். அங்கே கண் மருத்துவர்களின் வீட்டில் வளர்ந்த பென் சில்பர்மனுக்குச் சின்ன வயதில் பூச்சி என்றால் உயிர். ஈ, வெட்டுக்கிளி, வண்டு எதையும் விடமாட்டான். பிடித்துக் காயவைத்து, ஊசி குத்தி, பெயர்ச்சீட்டு போட்டு வைப்பான். அவர் பின்னாளில் நண்பர்களோடு உருவாக்கிய, படங்களைச் சேர்த்து வைக்கும் இணையதளமான பின்ட்ரெஸ்ட்டின் கதையை 2010-இல் தொடங்குவதுதான் வழக்கம். எனக்கு இந்தப் பூச்சிகளிடமிருந்து தொடங்குவதே சரியென்று படுகிறது.

பென் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு கூகுளின் விளம்பரப் பிரிவில் வேலை. அவர் பொறியாளர் அல்லர். புதிதாக எதையாவது உருவாக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த 2008-இல் வேலையை விட்டார். கல்லூரி நண்பர் பால் சியாராவோடு சேர்ந்து ‘கோல்ட் ப்ரூ லேப்ஸ்’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்.

அவர்கள் முதலில் செய்தது ‘டோட்’ என்ற ஐபோன் செயலி. பல கடைகளின் கேட்டலாக்குகளை ஒரே இடத்தில் காட்டும், பிடித்ததை வாங்கலாம். அன்றைக்குக் கைபேசியில் பணம் கட்டுவது பெரிய அவஸ்தை. வாங்க ஆள் வரவில்லை, செயலி படுத்துவிட்டது. ஆனால் வந்தவர்கள் ஒன்று செய்தார்கள்: பிடித்த பொருள்களின் படங்களை எடுத்து எடுத்துச் சேர்த்து வைத்தார்கள். தோற்றுப்போன கடையில் இதைக் கவனித்ததுதான் அந்த இருவரின் பெரிய கெட்டிக்காரத்தனம் என்பேன்.

அந்தச் சேர்க்கும் பழக்கத்தையே பின்ட்ரெஸ்ட் என்ற தளமாக்க அவர்களோடு சேர்ந்த மூன்றாவது ஆள் ஈவன் ஷார்ப். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவர். கட்டடப் படங்களைக் கணினியில் குவித்து வைத்திருந்தார். எந்தக் கட்டடம், யார் கட்டியது, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்பது கோப்பின் பெயரைப் பார்த்தால் தெரியாது. பின்ட்ரெஸ்ட்டின் அடிப்படை வேலையே இந்தத் தொல்லைக்கான தீர்வுதான். ஒரு படத்தை உங்கள் பலகையில், அதாவது படத் தொகுப்பில், ‘பின்’ செய்தால், அது வந்த பக்கத்தின் முகவரியும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. பிறகு எப்போது தட்டினாலும் அந்தச் சமையல் குறிப்புக்கோ அந்த நாற்காலி விற்கும் கடைக்கோ போய்ச் சேரலாம்.

படங்களை அடுக்கும் முறைக்கு அவர்கள் பட்ட பாடு தனி. பத்திகளின் அகலம் ஒன்று, உயரம் மட்டும் படத்துக்குப் படம் மாறும். வெட்டாமல் எல்லாம் பொருந்த வேண்டும். இதற்காகவே ஐம்பது வடிவங்களை முழுதாக நிரல் எழுதிப் பார்த்தார்கள். மற்றத் தளங்களெல்லாம் ‘இப்போது என்ன நடக்கிறது’ என்று நேரத்தின் பின்னால் ஓடிய காலம் அது. இங்கே போன வருடம் சேர்த்த படத்துக்கும் இன்று சேர்த்ததற்கும் ஒரே மதிப்பு.

2010 மார்ச்சில் தளம் திறந்தது. பென் தன் நண்பர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினார். பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. முதலீட்டாளர்கள் பலர் கைவிரித்தார்கள். ஒன்பது மாதம் கழித்தும் பயனர்கள் பத்தாயிரத்தைத் தாண்டவில்லை. ஆனால் வந்தவர்கள் விடாமல் பயன்படுத்தினார்கள், அவர்கள் சிலிக்கான் பள்ளத்தாக்கின் ஆட்களும் இல்லை. பென் வளர்ந்த ஊர்ப்பக்கத்து மனிதர்களைப் போன்றவர்கள்: வீட்டை எப்படி அமைக்கலாம், இன்று என்ன சமைக்கலாம், கல்யாணத்தை எப்படி நடத்தலாம் என்று யோசிப்பவர்கள். அதிலும் பெரும்பாலோர் பெண்கள். அடுப்படியும் கல்யாண ஏற்பாடும் சில்லறை விஷயம் என்று தொழில்நுட்ப உலகம் நினைத்திருந்ததால்தான் இந்த வளர்ச்சி அதன் கண்ணில் படவில்லை என்பது என் திடமான எண்ணம்.

பென் அவர்களை விடவில்லை. முதலில் சேர்ந்த ஆயிரக்கணக்கானோருக்குத் தானே கடிதம் எழுதினார், தன் கைபேசி எண்ணைக் கொடுத்தார், சிலரை நேரில் போய்ப் பார்த்தார். 2010 மே மாதம், சான் பிரான்சிஸ்கோவின் வடிவமைப்பு எழுத்தாளர் விக்டோரியா ஸ்மித்துடன் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார். வீடு என்றால் தனக்கு என்ன என்பதை ஒருவர் படப் பலகையாக அமைப்பார். பிறகு அழைப்பை அடுத்தவருக்குக் கைமாற்றுவார். விளம்பரத்துக்குச் செலவழிக்காமல் நல்ல ரசனையுள்ளவர்கள் கைக்குத் தளம் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் நடந்தது வேகம்தான். 2011 ஆகஸ்ட்டில் ‘டைம்’ இதழின் சிறந்த ஐம்பது தளங்களில் ஒன்று. 2012 ஜனவரியில், இணையப் பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் காம்ஸ்கோர் நிறுவனத்தின் கணக்குப்படி அமெரிக்காவில் மட்டும் 1.17 கோடிப் பார்வையாளர்கள். அப்போதும் அழைப்பு இருந்தால்தான் உள்ளே போக முடியும். அந்தக் கட்டுப்பாடு 2012 ஆகஸ்ட்டில்தான் நீங்கியது. 2019 ஏப்ரலில் நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. நம் ஊர்த் தையல் கடைகளில் ஜாக்கெட் கைக்கு டிசைன் காட்டக் கைபேசியை நீட்டும்போது, திரையில் இருப்பது பல நேரம் இந்தப் பலகைதான்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்று. ‘அழகானவை’ என்று பொதுவாகப் பலகை போட்டால் சீக்கிரமே குப்பை சேர்ந்துவிடும். ‘நிழலில் வளரும் மாடிச் செடிகள்’ என்பதுபோலக் குறுகலாகப் பெயர் வையுங்கள். பின் செய்யுமுன் படத்தைத் தட்டி, மூலப் பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மகள் கல்யாணத்துக்கான யோசனைகள் போல ஊருக்குக் காட்ட விரும்பாதவற்றுக்கு ரகசியப் பலகையும் உண்டு.