போர் கிரிமோ படகுத்துறை நகரம்

போர் கிரிமோ என்பது பிரான்சின் தென்கிழக்கே, வார் மாவட்டத்தில், சான் துரோப்பே வளைகுடாவின் கரையில் அமைந்த படகுத்துறைக் குடியிருப்பு ஆகும். ஒவ்வொரு வீட்டின் முன்னும் உரிமையாளரின் படகு நிற்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தைச் சுற்றி இது வடிவமைக்கப்பட்டது. சென்னைவாசிகளுக்கு 'மெரினா' என்றால் மணற்கடற்கரை. இக்கட்டுரையில் அச்சொல் உல்லாசப் படகுகள் கட்டப்படும் துறையைக் குறிக்கிறது.

இதை உருவாக்கியவர் பிரான்சுவா ஸ்போரி (1912–1999). முலூஸ் நகரைச் சேர்ந்த கட்டடக்கலைஞர், பாய்மரப் படகோட்டி. இரண்டாம் உலகப்போரில் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து, பிடிபட்டு, நாஜி வதைமுகாம்களில் அடைக்கப்பட்டு உயிர் மீண்டவர். 1960களின் தொடக்கத்தில் ஜிஸ்கில் ஆற்றின் கழிமுகத்தில், கொசு மண்டிய சதுப்பு நிலத்தை அவர் வாங்கினார். கட்டுமானம் 1966இல் தொடங்கியது.

அக்காலத்து நாகரிகம் வேறாக இருந்தது. அதே மத்தியதரைக் கரையில் ஜான் பலாதூர் வடிவமைத்த லா கிராந்த் மோத், பிரமிடு போன்ற கான்கிரீட் அடுக்குமாடிகளாக எழுந்துகொண்டிருந்தது. ஸ்போரியோ ஓட்டு வீடுகள், வளைந்த கால்வாய்கள், சிறு பாலங்கள் என மீனவர் கிராமத்தின் சாயலில் கட்டினார். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றாலும் உயரமும் நிறமும் சன்னலும் வீட்டுக்கு வீடு மாறின. பொய்யான பழமை என்று நவீனக் கட்டடக்கலையினர் பலர் எள்ளினர். ஆனால் கார்களை நகரின் விளிம்பிலேயே நிறுத்தச் செய்து, உள்ளே நடையும் படகும் மட்டும் போதும் என்று அவர் முடிவெடுத்தது வெறும் அலங்காரம் அல்ல. இன்று நகரத் திட்டமிடுவோர் அதைத்தான் கேட்கின்றனர். ஸ்போரி தம் வழியை 'மென்மையான கட்டடக்கலை' என்றார். அங்குள்ள தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை விக்டர் வசரேலி வடிவமைத்தார். ஸ்போரியின் உடலும் அத்தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

இத்தகைய நகரம் அங்கே சாத்தியமானதற்கு இயற்கையும் ஒரு காரணம். மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு. நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்காததால் வீட்டு வாசலிலேயே படகைக் கட்டலாம். அதுவே சிக்கலும் ஆகும். ஓதம் உள்ளே வந்து கழுவிச் செல்லாத குறுகிய கால்வாயில் நீர் தேங்கும். எண்ணெயும் கழிவும் படகின் அடிப்பூச்சு நஞ்சும் தங்கிவிடும். சிப்பி வளர்ப்பு பாதிக்கப்பட்டதால், வெள்ளீயம் கலந்த அடிப்பூச்சைச் சிறு படகுகளுக்கு பிரான்ஸ் 1982இல் தடை செய்தது.

இன்னொரு கேள்வி உடைமை பற்றியது. பிரெஞ்சுச் சட்டப்படி கடலும் அதன் அடிநிலமும் பொதுச் சொத்து. வீடு தனியாருடையது, வாசலில் உள்ள நீர் யாருடையது? படகுத்துறையின் நிர்வாகம் குறித்து நகராட்சிக்கும் வீட்டுக்காரர்களுக்கும் இடையே பூசல் எழுந்ததன் வேர் இதுவே.

அழிந்த சதுப்பு நிலம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 1966இல் அதைப் பயனற்ற நிலம் என்றே கருதினர். பின்னர் பார்வை மாறியது. கரையோர நிலங்களை வாங்கிக் காக்கும் பொது நிறுவனம் 1975இல் அமைந்தது. 1986ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம், நகர்ப்பகுதிக்கு வெளியே கரையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுவதைப் பொதுவாகத் தடுத்தது. போர் கிரிமோவைப் போல ஒன்றைச் சதுப்பில் தோண்டுவது அதன்பின் மிகக் கடினமாயிற்று.

ஏற்கெனவே கெட்டுப்போன கரையைத் தேடுவது மற்றொரு வழியானது. மான்டினீக்ரோவின் திவாத் நகரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு 1889இல் நிறுவிய கடற்படைத் தளத்தை, கனடியத் தொழிலதிபர் பீட்டர் மங்க் தலைமையிலான முதலீட்டாளர்கள் 2006இல் வாங்கி, போர்ட்டோ மான்டினீக்ரோ என்னும் சொகுசுப் படகுத்துறையாக மாற்றினர். யூகோஸ்லாவிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அங்கே காட்சிப்பொருளாக நிற்கிறது.