முடக்கற்றானும் முடக்குவாதமும்: ஒரு பெயரின் வரலாறு

மூட்டுநோவு என்றதும் தமிழர் வீடுகளில் முதலில் நினைவுக்கு வரும் கீரை முடக்கற்றான். இரசமாகவும் துவையலாகவும் தோசைமாவில் அரைத்துச் சேர்த்தும் அதனை உண்பர். இக்கட்டுரை அக்கீரையின் மருத்துவப் பயனை நிறுவவோ மறுக்கவோ எழுந்ததன்று. ஒரு பெயர் தானே தன் மருந்துக்குச் சான்றாக நிற்கும் நிலை எவ்வாறு உருவாகிறது, அதில் மொழிபெயர்ப்பாளனின் பங்கு யாது என்பவற்றை நோக்குவதே இதன் எல்லை.

இவ்வினா எனக்கு நூலகத்தில் எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், மருத்துவமனை ஒன்றிற்காக நோயாளர் கையேடு ஒன்றைத் தமிழாக்கினேன். ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்பதற்கு ‘முடக்குவாதம்’ என்று எழுதினேன். கலைச்சொல் பட்டியலும் நாளிதழ் வழக்கும் ஒருங்கே ஏற்ற சொல்லாதலின் இருமுறை எண்ணவில்லை. அந்நோய்க்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை உண்டுவந்த என் பெரியம்மா அக்கையேட்டைப் படித்தார். மாத்திரையை நிறுத்திவிட்டு, நான்கு மாதம் முடக்கற்றான் சாறு மட்டும் அருந்தினார். நான் அறிந்தபோது வலக்கை விரல்கள் புறமாகச் சாயத் தொடங்கியிருந்தன. ஏன் என்று கேட்டேன். “நீதானப்பா முடக்குன்னு எழுதியிருக்க? முடக்கை அறுக்கிறதுக்குத்தானே அந்தக் கீரை?” என்றார். மொழியியல் நோக்கில் அவருடைய வாதத்தில் பிழை காண்பது எளிதன்று. இரண்டு சொற்களிலும் அடிச்சொல் ஒன்றே. நோயின் பெயரை நான் கொடுத்தேன். மருந்தின் பெயரை மொழி கொடுத்தது.

முதலில் ‘வாதம்’ என்னும் சொல். திருக்குறளின் மருந்து அதிகாரம் வளியை முதலாகக் கொண்ட மூன்றைக் குறிக்கிறது. வாதம் அவ்வளியின் வடமொழி வடிவம். சித்த மருத்துவத்தில் யூகிமுனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 என வகுக்கிறது. இன்றைய மருத்துவத்தில் நரம்பைச் சார்ந்தனவும் மூட்டைச் சார்ந்தனவும் தசையைச் சார்ந்தனவுமான நோய்கள் அதில் ஓரினமாக நிற்கின்றன. பக்கவாதம் மூளைக் குருதியோட்டத்தின் நோய். இளம்பிள்ளைவாதம் ஒரு நச்சுயிரியால் வருவது. முகவாதம் ஒரு முகநரம்பின் செயலிழப்பு. இவற்றோடு முடக்குவாதமும் சேரும்போது, படிப்பவர் மனத்தில் இவையனைத்தும் ஒரு குடும்பத்து நோய்கள் ஆகின்றன. வகைப்பாட்டின்மேல் குறை கூறுவதற்கில்லை. அது தன் கோட்பாட்டுக்குள் ஒழுங்குடையது. இடர் அச்சொல்லை வேறொரு கோட்பாட்டுக்குக் கடன்கொடுக்கும்போது எழுகிறது.

ஐரோப்பிய மொழிகளும் இதற்கு விலக்கல்ல. ‘ருமட்டிசம்’ என்பதன் மூலம் ‘ஒழுகுதல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். ‘கௌட்’ என்பதன் மூலம் ‘துளி’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். உடலின் நீர்மங்கள் மூட்டில் வடிந்து தங்குவதாக நம்பிய காலத்தின் எச்சங்கள் இவை. 1859இல் ஆல்பிரெட் பேரிங் கேரட் ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்று பெயரிட்டபோதும் அந்த ஒழுக்கு அதனுள் இருந்தது. ஆனால் இன்று ஆங்கிலத்தில் அச்சொல்லைக் கேட்பவர் எவரும் ஒழுகும் நீரை நினைப்பதில்லை. அது பொருளிழந்து வெறுங்குறியாகிவிட்டது. தமிழில் வாதமோ இன்னும் பொருளோடு வாழ்கிறது. வாயுப் பண்டம் என்று கிழங்கை விலக்கும் வீடு ஒவ்வொன்றும் அதற்குச் சான்று. இறந்த உருவகத்தை உயிருள்ள உருவகத்தால் பெயர்த்தோம் என்பதே நிகழ்ந்தது.

பிற இந்திய மொழிகள் இச்சிக்கலை வெவ்வேறு வழியில் எதிர்கொண்டன. இந்தியின் ‘கடியா’ முடிச்சு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. காரணத்தைக் கூறாமல் கண்ணுக்குத் தெரியும் கணுவை மட்டும் கூறுகிறது. ஆயினும் மூட்டுநோய் அனைத்தையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது. கன்னடத்தில் ‘சந்திவாத’, தெலுங்கில் ‘கீள்ளவாதம்’ ஆகியவை இடத்தைச் சுட்டுகின்றன. ஏறத்தாழ கி.பி. 7-8ஆம் நூற்றாண்டினதாகிய மாதவ நிதானம் தனி நோயாக விரிக்கும் ‘ஆமவாதம்’ மலையாள வழக்கில் ருமட்டாய்டு நோய்க்கு நிகராயிற்று. தமிழ் ஒன்றே நோயின் விளைவாகிய முடக்கத்தைப் பெயருக்குள் வைத்தது. நோயாளி அஞ்சுவது அதையே ஆதலின் பெயர் நிலைத்தது போலும்.

இனிக் கொடியின் பெயர். லின்னேயசு 1753இல் வழங்கிய ‘கார்டியோஸ்பெர்மம்’ என்னும் பேரினப் பெயர், கறுப்பு விதையின்மேல் வெண்மையாய்த் தெரியும் இதய வடிவைக் குறிக்கிறது. ஆங்கிலம் காற்றடைத்த காயைப் பார்த்துப் பலூன் கொடி என்றது. வடமொழியின் ‘கர்ணஸ்போடா’, இந்தியின் ‘கான்புடி’ ஆகியவை காதை நினைக்கின்றன. மலையாளம் இதனை ‘உழிஞ்ஞ’ என்கிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ தொகுதிகளிலும் அப்பெயரே பதிவாகியுள்ளது. கேரளத்துத் தசபுஷ்பங்களுள் ஒன்றாக இன்றும் அது வழிபாட்டில் இடம்பெறுகிறது. இது தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் உழிஞையேயாம். மதில் முற்றுகைத் திணைக்குப் பெயர் தந்த கொடி. அகராதிகள் உழிஞைக்குக் கொற்றான், முடக்கற்றான் எனப் பொருள் தருகின்றன. போர்க்கொடியின் பெயரை மலையாளம் காத்தது; தமிழோ கொடியை அடுக்களைக்கு அனுப்பிப் புதுப்பெயரும் இட்டது.

அப்புதுப்பெயரின் வடிவம் நோக்கத்தக்கது. முடக்கொற்றான், முடக்கொத்தான், முடக்கற்றான், முடக்கறுத்தான், பேச்சில் முடக்கத்தான் எனப் பல வடிவங்கள் உள. ‘முடக்கு + அற்றான்’ என்னும் பிரிப்பு பரவலாகக் கூறப்படுகிறது. ஆனால் ‘அறு’ என்னும் வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். அற்றான் தன்வினை, ‘முடக்கற்றான்’ எனின் முடக்கு நீங்கியவன் என்றே பொருள்படும். அது குணமடைந்த நோயாளியைக் குறிக்குமேயன்றி, குணப்படுத்திய கொடியைக் குறிக்காது. கொடிக்குப் பொருந்தும் வடிவம் ‘அறுத்தான்’. இம்முரணை உணர்ந்த பேச்சு வழக்கே முடக்கறுத்தான் என்று திருத்திக்கொண்டது எனலாம். என் கருத்தில் மூத்த வடிவம் கொற்றான் என்னும் கொடிப்பெயரோடு கூடிய முடக்கொற்றான். முன்னொட்டாகிய ‘முட’ என்பது, இக்கொடி பற்றி ஏறும் சுருண்ட பற்றுக்கம்பிகளையே குறித்திருத்தல் கூடும். முடங்குதல் வளைதலையும் குறிக்குமன்றோ. கொற்றான் என்னும் சொல் பொதுவழக்கில் அருகியபின், கேட்போர் தமக்குத் தெரிந்த ‘அற்றான்’ என்பதை அங்கே கேட்டனர். இது மக்கட் சொற்பிறப்பு எனப்படும் நிகழ்ச்சியின் தெளிவான எடுத்துக்காட்டு.

இதனாற் கீரை பயனற்றது என்று ஆகாது. இலையை ஆமணக்கெண்ணெயோடு சேர்த்து வாதத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருந்துப்பொருள் நூல்கள் குறிக்கின்றன. ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடத்தும் வீக்கந்தணிக்கும் இயல்பும் காணப்பட்டுள்ளது. ஆனால் ருமட்டாய்டு நோயில் மூட்டு அரிக்கப்படுவதை அது தடுக்கும் என்பது மனிதரிடம் நிறுவப்படவில்லை. நோவு தணிதல் வேறு, அரிப்பு நிற்றல் வேறு. ‘முடக்கு’ என்னும் ஒரு சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

மாறான ஓர் எடுத்துக்காட்டு யூனானி மருத்துவத்தில் உண்டு. மூட்டுநோவுக்கு அங்கு வழங்கும் ‘வஜவுல் மஃபாசில்’ என்பது வெறும் ‘மூட்டுகளின் நோவு’. கோட்பாட்டுச் சுமையற்ற பெயர். அதற்குரிய மருந்துகளுள் ஒன்று சூரஞ்சான். இனிப்புச் சூரஞ்சான், கசப்புச் சூரஞ்சான் எனச் சுவையால் பிரிப்பரேயன்றி, அது எதைத் தீர்க்கும் என்று பெயர் கூறுவதில்லை. இதன் இனத்ததாகக் கருதப்படும் கிழங்கை 6ஆம் நூற்றாண்டில் திரால்லெசு ஊர் அலெக்சாந்தர் கௌட் நோய்க்கு விதித்தார். கிரேக்கர் அதனை எர்மிசு கடவுளின் விரல் என்றனர். 1820இல் பெல்லெத்தியேவும் காவந்துவும் கால்ச்சிக்கம் கிழங்கிலிருந்து கால்ச்சிசினைப் பிரித்தனர். அளவு சற்று மிகினும் நஞ்சாகும் அம்மருந்து கௌட் நோய்க்கு இன்றும் விதிக்கப்படுகிறது. பெயர் ஊமையாக இருந்தது, மருந்து மெய்ப்பட்டது.

2024 சனவரியில் உலக நலவாழ்வு நிறுவனம் தன் பன்னாட்டு நோய்ப் பகுப்பில் ஆயுர்வேத, சித்த, யூனானி நோய்ப்பெயர்களுக்கெனத் தனிப்பகுதி வெளியிட்டது. இதன் சிறப்பு, மரபுப் பெயர்களை நவீனப் பெயர்களின் மொழிபெயர்ப்பாகக் கொள்ளாமல் தனிக்குறியீடு தந்தமையே. கல்லூரிப் பாடங்களில் உதிர வாதசுரோணிதம் ருமட்டாய்டு நோய்க்கும், அழல் கீல்வாயு மூட்டுத்தேய்வுக்கும் நிகராகக் காட்டப்படுதல் பழக்கம். நிகர் என்பது ஒப்புமையேயன்றி ஒருமையன்று. மொழிபெயர்ப்பாளர் இதனைப் பகுப்பாளரிடம் கற்கவேண்டிய நிலை எனக்குச் சற்றே நாணம் தந்தது.

கையேட்டின் திருத்தப் படியில் ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்று ஒலிபெயர்த்தே எழுதி, ‘உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் நோய்’ என்று விளக்கினேன். முடக்குவாதம் என்பதை, மக்கள் வழக்கு என்னும் குறிப்போடு இரண்டாம் இடத்தில் வைத்தேன். தூய தமிழ்ச்சொல் இருக்க ஒலிபெயர்ப்பு ஏன் என்று பதிப்பித்தவர் வினவினார்; நடந்ததைக் கூறினேன். கீரையைத் ‘தவிர்த்தல் நலம்’ என்று நான் எழுதியிருந்த வரியை மட்டும் பெரியம்மா அடித்துவிட்டார். மாற்றாக அவர் சொல்ல, நான் எழுதிய வரி இது: “கீரையைச் சாப்பிடலாம், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.” கையேட்டில் அது முதற்பக்கத்தில், நோயின் பெயருக்கு நேர்கீழே அச்சாகியுள்ளது.