குப்பியில் ஏறிய திரி

இலங்கையின் ஹல்துமுல்லையிலும் அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் ‘குப்பி லாம்பு’ என்றால் வயதில் மூத்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. காலியான மருந்துப் போத்தல், மூடியில் ஒரு துளை, துளையில் ஒரு தகரக் குழாய், குழாய்க்குள் பழந்துணித் திரி, அடியில் மண்ணெண்ணெய். மலையகத்தில் பல தலைமுறைகள் இந்த விளக்கின் வெளிச்சத்தில்தான் சமைத்தன, படித்தன, பிள்ளை பெற்றன.

இன்று அதே விளக்குக்கு வேறொரு கிராக்கி வந்திருக்கிறது. அப்புத்தளை, எல்ல பக்கத்து விடுதிகள் பழங்காலத் தோற்றத்துக்காக லாந்தரையும் குப்பி லாம்பையும் தேடி மாட்டுகின்றன. பழைய விளக்கைக் கையால் மறுபடி செய்வது நல்ல தொழில். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் செய்ய விரும்புகிறவர் உளியையும் கத்தரியையும் எடுப்பதற்கு முன் அந்தப் பொருளின் பெயரைப் படிக்க வேண்டும். இந்த விளக்கு யாருக்காக உண்டானது, எதனால் இந்த வடிவம் கொண்டது, எங்கே பிழைத்தது என்பதெல்லாம் அந்தப் பெயரைத் தொடர்ந்து போனாலே தெரிந்துவிடும்.

குப்பி மூத்த சொல். வடமொழியில் கூபம் என்றால் கிணறு, குழி; கூபீ என்றால் சிறு குடுவை. தமிழ்க் குப்பியை இந்தக் கூபீயோடு சேர்த்துப் பார்ப்பது அகராதி வழக்கம். இந்தியில் குப்பா என்பது எண்ணெயும் நெய்யும் ஊற்றி வைக்கும் தோல் கலம். சிறியதாக இருந்தால் குப்பீ. மலையாளத்தில் இன்றும் எந்தப் போத்தலும் குப்பிதான். கண்ணாடி வளையலுக்குக்கூடக் குப்பிவளை என்று பெயர். தமிழில் சொல்லின் பரப்பு குறைந்து, மருந்தோ அத்தரோ அடைக்கும் சிறு போத்தலோடு நின்றது. மாட்டுக் கொம்பின் நுனியில் பூட்டும் பூணையும் குப்பி என்பதுண்டு. தோலோ கண்ணாடியோ உலோகமோ, உள்ளே குழிந்திருப்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது.

இந்தச் சொல்லுக்கு நெருப்போடு பழைய உறவும் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் காசிக்குப்பி என்று ஒன்று உண்டு. அந்தக் காசி ஊர்ப்பெயரன்று. வடமொழியில் காசம் என்றால் கண்ணாடி. ஆயுர்வேதம் அதே கலத்தைக் காசகூபீ என்கிறது. களிமண் தோய்த்த சீலையைக் குப்பியின் மேல் ஏழு முறை சுற்றி உலர்த்துவார்கள். பிறகு மணல் நிரப்பிய பாத்திரத்தில் அதைப் புதைத்து, கீழிருந்து எரித்து, கழுத்தில் படியும் செந்தூரத்தை எடுப்பார்கள். அங்கே தீ வெளியே, மருந்து உள்ளே. மருந்து தீர்ந்த போத்தலில் எண்ணெய் ஊற்றித் தலையில் தீயை ஏற்றியது பிற்கால வேலை. அந்த வேலையைத் தெற்காசியா முழுவதும் மக்கள் செய்திருக்கிறார்கள். வங்காளத்தில் ‘குபி’ என்றாலே மண்ணெண்ணெய் விளக்கு. கலத்தின் பெயரே விளக்கின் பெயராகிவிட்டதால் அங்கே இன்னொரு சொல் ஒட்ட வேண்டியிருக்கவில்லை.

இலங்கையில் ஒட்டியது. சிங்களத்தில் ‘குப்பி லாம்புவ’, மலையகத் தமிழில் ‘குப்பி லாம்பு’. லாம்பு ஐரோப்பியர் வழியே வந்த சொல். சிங்கள லாம்புவ டச்சுக்காரர் விட்டுப்போன சொற்களின் பட்டியலில் இடம்பெறுகிறது. லாந்தரும் இப்படிக் கடல் கடந்ததுதான். கேரளத்திலும் தமிழகத்தின் தென்கோடியிலும் அது ராந்தல் ஆனது. ஹல்துமுல்லையில் போர்த்துக்கேயர் காலக் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. ஆனால் இந்தச் சொற்கள் கோட்டை வாசல் வழியாகத் தோட்டத்துக்குள் வரவில்லை. துறைமுகங்களில் பழகி, கடைத்தெருவில் தேய்ந்து, பிறகு மலையேறின. மலையேறிய இடத்தில் அவை கூடி வாழும் விதத்தைப் பாருங்கள். தொழிலாளர் வரிசை வீடான லயம் ஆங்கில ‘லைன்’. காம்பரா போர்த்துக்கேயரின் ‘காமரா’. காலையில் ஆள் சேர்க்கும் பிரட்டு ஆங்கிலப் ‘பரேட்’. லயத்துக் காம்பராவில் குப்பி லாம்பு ஏற்றிப் பிரட்டுக்குப் புறப்பட்டாள் என்று ஒரு வரி எழுதினால், அதில் வரும் பெயர்களில் ஊரிலிருந்து மூட்டையோடு கொண்டுவந்தது குப்பி ஒன்றுதான்.

பொருளின் வரலாறு எண்ணெயிலிருந்து தொடங்குகிறது. 1853 ஜூலை 31 அன்று, இன்றைய உக்ரைனின் லெவீவ் நகர மருத்துவமனையில் இரவு அறுவைச் சிகிச்சை ஒன்று இக்னாசி லுகாசியேவிச் செய்த மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் நடந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த எண்ணெய் உலகெங்கும் தகரங்களில் போனது. இலங்கை மலைகளில் 1869இல் கோப்பி இலைநோய் தோன்றி, கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலமும் அதுவே. தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பதென்ன தொழிற்சாலையைக் கட்டிய 1890 அளவில் மண்ணெண்ணெய் ஏழைகளின் எண்ணெயாகவும் ஆகிக்கொண்டிருந்தது. தேங்காயெண்ணெய் தலைக்கும் சமையலுக்கும் போக, எரிக்க மண்ணெண்ணெய் நின்றது.

ஆனால் எண்ணெய் ஒன்றாக இருந்தாலும் விளக்கு ஒன்றாக இல்லை. அமெரிக்கரான ஜான் இர்வின் 1860களின் இறுதியிலும் 1870களிலும் வடிவமைத்த குழாய் லாந்தர், டீட்ஸ் போன்ற நிறுவனங்கள் மூலம் உலகெங்கும் சென்றது. நாம் அரிக்கன் லாம்பு என்பது அதைத்தான். இரு பக்கமும் வளைந்து இறங்கும் குழாய்கள் வெறும் சட்டம் அல்ல. காற்று அவற்றின் வழியாகத்தான் சுடரை அடைகிறது. வெளிக்காற்று நேராகச் சுடரில் மோதாததால் புயலிலும் அணையாது என்று பெயர் வந்தது. அப்புத்தளைக் கணவாய்க்குக் கீழே, தென்மேற்குப் பருவக்காற்று அறையும் சரிவில் உள்ள ஹல்துமுல்லைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கு கிடையாது. ஆனால் அதற்குக் கண்ணாடிச் சிமினி வேண்டும், பட்டைத் திரி வேண்டும், காசு வேண்டும். லாந்தர் துரையின் பங்களாவுக்கும் கங்காணியின் கைக்கும் போனது. கூலிக்காரரின் காம்பராவுக்குக் குப்பி வந்தது. விளக்கு வாங்க வழியில்லாதவர்கள் போத்தலை விளக்காக்கினார்கள்; முன்னால் நிற்கும் ‘குப்பி’ என்ற சொல் இதைத்தான் சொல்கிறது.

அந்த வேலையில் திறமை இருந்தது. அதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். தகர டப்பாவிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, ஆணியின் மேல் சுற்றி உருட்டினால் திரிக்குழாய் கிடைக்கும். சுற்று இறுக்கமாக இருந்தால் எண்ணெய் ஏறாது. தளர்ந்தால் திரி வழுக்கிக் கீழே விழும். குழாய் மூடிக்கு மேல் சற்றே உயர்ந்து நிற்க வேண்டும். தாழ்ந்துவிட்டால் சுடரின் சூடு மூடிக்கு இறங்கி, எண்ணெயின் ஆவியைக் கிளப்பும். மூடியில் குழாய்க்கு அருகே ஊசிமுனை அளவில் இன்னொரு துளை வேண்டும். எண்ணெய் குறையும்போது அந்த இடத்துக்குக் காற்று போக அதுவே வழி. திரிக்குப் பழைய பருத்தி வேட்டி அல்லது சேலைக் கிழிசல் நல்லது. புதுத் துணியில் கஞ்சி இருப்பதால் எண்ணெய் சரியாக ஏறாது. திரியைக் கொஞ்சமாக வெளியே விட்டால் சுடர் சிறிதாக எரியும், புகை குறையும், எண்ணெயும் மிஞ்சும். இவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. அடுப்படியில் நின்ற பெண்கள் கையால் அறிந்து கையால் கற்பித்தார்கள்.

எண்ணெய் மிஞ்சுவது சின்ன விஷயம் அன்று. 1979இல் உணவு முத்திரைத் திட்டம் வந்தபோது, ஏழைக் குடும்பங்களுக்கு மண்ணெண்ணெய்க்கும் தனி முத்திரை கொடுக்கப்பட்டது. அரிசியோடு சேர்த்துக் கணக்கிடப்பட்ட பொருள் அது.

இனி அந்த விளக்கின் குற்றத்தையும் சொல்ல வேண்டும். மருந்துப் போத்தல் உயரமானது, மெலிந்தது, எடையற்றது. பூனை தட்டினாலும் பிள்ளை முழங்கை பட்டாலும் சாயும். சாய்ந்தால் உருளும். மூடி பெரும்பாலும் முறுக்கியிருக்காது, சும்மா செருகியிருக்கும். எண்ணெய் கொட்டி, சுடர் அதைப் பற்றிக்கொள்ளும். ஒரே காம்பராவில் சமையலும் படுக்கையும் படிப்பும் என்றால் அந்தத் தீ எதைப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இலங்கை மருத்துவமனைகளின் தீக்காயப் பிரிவுகளுக்குக் குப்பி லாம்பு அனுப்பிய பெண்களும் குழந்தைகளும் ஏராளம்.

அவர்களுக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, காயத்தை மட்டும் பார்க்காமல் விளக்கையும் பார்த்தார். மார்மைட் போத்தலைப் போலக் குட்டையாக, கனமாக, உருளாதபடி ஒரு விளக்குப் போத்தலை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். தடித்த கண்ணாடி, இரண்டு பக்கம் தட்டை, திருகி மூடும் உலோக மூடி. சாய்ந்தாலும் தட்டைப் பக்கத்தில் நின்றுவிடும். கவிழ்ந்தாலும் எண்ணெய் கொட்டாது. ‘சுதீப’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். நல்ல விளக்கு என்பது பொருள். 1998இல் இந்தப் பணிக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. லட்சக்கணக்கான விளக்குகள் எளிய வீடுகளுக்குப் போயின. பழைய விளக்கை மறுபடி செய்வது என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த பதில் சுதீபதான். அது குப்பி லாம்பின் மலிவையும் எளிமையையும் வைத்துக்கொண்டு, ஆளைக் கொன்ற குற்றத்தை மட்டும் நீக்கியது.

மறுபடி செய்த விளக்கு விளக்காக வேலை செய்ய வேண்டும் என்பதை வேறொரு பழைய விளக்கும் கற்பிக்கிறது. கேகாலை மாவட்டத்துத் தெதிகமவில், கோட்டவெஹெர தூபியில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு யானை விளக்கு புகழ்பெற்றது. தொங்கும் தட்டில் யானை நிற்கிறது. அதன் வயிற்றில் எண்ணெய். தட்டில் எண்ணெய் மட்டம் தாழ்ந்தால் உள்ளே காற்று புகும். புகுந்த அளவுக்கு எண்ணெய் இறங்கும். மட்டம் பழைய நிலைக்கு வந்ததும் தானே நின்றுவிடும். தமிழகத்துத் தூண்டாமணி விளக்கும் இந்த நுட்பத்தில் ஓடுவதுதான். தெதிகம விளக்கின் பித்தளைப் பிரதிகள் இன்று அலங்காரப் பொருளாக விற்கின்றன. யானையின் வயிறு எண்ணெய் வார்க்காத பிரதியை நான் விளக்கு என்று சொல்லமாட்டேன். அது விளக்கின் சிலை.

கையால் விளக்குச் செய்கிறவர் முடிப்பு வேலையிலும் இதே நேர்மையைக் காக்க வேண்டும். சுடருக்கு அருகே வரும் இணைப்பைப் பற்றாசை மட்டும் நம்பி விடக்கூடாது. சாதாரண ஈய வெள்ளீயப் பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கிவிடும். தகட்டின் விளிம்புகளை ஒன்றோடொன்று கொக்கியாக மடித்து, தட்டி இறுக்கிய பிறகுதான் பற்றாசு ஓட விட வேண்டும். பிடிப்பு மடிப்பிலும் அடைப்பு பற்றாசிலும் இருந்தால் விளக்கு நிலைக்கும். தகரத் தகட்டில் வெட்டிய விளிம்புதான் முதலில் துருப்பிடிக்கும், ஏனென்றால் அங்கே வெள்ளீயப் பூச்சு அறுந்து இரும்பு வெளியே தெரிகிறது. ஆகவே விளிம்பை உள்ளே மடித்துவிடுவது கைக்கும் நல்லது, தகட்டுக்கும் நல்லது. மெருகெண்ணெயைத் திரிக்குழாயில் பூசினால் எரிந்து நாறும். அந்த இடம் வெறும் உலோகமாகவே இருக்கட்டும். உப்பும் வினாகிரியும் தேய்த்துப் பித்தளையை ஓர் இரவில் கிழமாக்குவது இன்று வழக்கமாகிவிட்டது. புகையும் கையும் பட்டுக் கறுக்க அதற்குக் காலம் கொடுப்பதே எனக்குப் பிடிக்கும்.

சொல்லின் பிற்கால வாழ்க்கை ஒரு போக்கில் போகவில்லை. இலங்கையின் வடக்கில் போர்க்காலத் தலைமுறைக்குக் குப்பி என்றால் போராளிகளின் கழுத்தில் தொங்கிய நஞ்சு. அதே வடக்கில், பொருளாதாரத் தடையின் காலத்தில், பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள்; பெயர் வேறு, விளக்கு அதே குப்பி லாம்பின் உறவு. பல்கலைக்கழகங்களிலோ குப்பி ஒரு வகுப்பு. பரீட்சை நெருங்கும்போது பாடம் புரிந்த மாணவர் புரியாதவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதைச் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ‘குப்பி’ என்கிறார்கள். குப்பி லாம்பைச் சுற்றிக் கூடிப் படித்ததால் வந்த பெயர் என்பது அவர்களிடையே வழங்கும் விளக்கம்.

2022 பொருளாதார நெருக்கடியில் மின்சாரம் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நின்றது. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. குப்பி லாம்பை நினைவுப் பொருளாக மட்டும் பார்க்கும் வசதி எல்லோருக்கும் இன்னும் வரவில்லை என்பதை அந்த ஆண்டு காட்டியது.

ஆகவே, விடுதிச் சுவருக்காகக் குப்பி லாம்பைப் புதிதாகச் செய்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஏற்றக்கூடிய விளக்காகச் செய்யுங்கள். குட்டையாக, கனமாக, திருகு மூடியோடு செய்யுங்கள். விற்பனைச் சீட்டில் ‘பழங்கால விளக்கு’ என்று பொதுவாக எழுதாமல், குப்பி லாம்பு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். ஆணியில் தகரம் சுற்றத் தெரிந்தவர்கள் ஹல்துமுல்லைத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்று, அவர்கள் பிள்ளைகளையே வேலைக்கு வையுங்கள். வடிவத்தைத் தந்தவர்கள் அவர்கள். அதற்கான கூலியும் அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும்.