தேடலின் முறை: பில் பெல்லும் வியட்நாமில் காணாமற்போன அமெரிக்க வீரர்களும்

1973இல் வியட்நாம் சிறைகளிலிருந்து 591 அமெரிக்கர்கள் நாடு திரும்பினார்கள். கணக்கில் வராதவர்கள் 2,600 பேருக்கும் மேல். இவர்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘யாரேனும் உயிரோடு விடப்பட்டார்களா?’ என்ற ஒரே கேள்வியிலேயே நின்றுவிட்டது. தேடியவர்கள் எதைச் சான்றாக ஏற்றார்கள், எதை ஒதுக்கினார்கள் என்பதை ஆராய்ந்தால்தான் அந்தக் கேள்விக்கே விடை தேட முடியும். இதற்கு கார்னெட் ‘பில்’ பெல்லின் பணிவாழ்க்கை தக்க எடுத்துக்காட்டு.

பெல் அமெரிக்கத் தரைப்படை வீரர். வியட்நாமில் பலமுறை பணியாற்றி அந்நாட்டு மொழியைச் சரளமாகப் பேசியவர். 1975 ஏப்ரல் 4 அன்று, அநாதைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சைகோனிலிருந்து புறப்பட்ட ராணுவ விமானம் விழுந்து நொறுங்கியதில் மனைவியையும் மகனையும் பறிகொடுத்தார். மகள் பிழைத்தாள். அதன் பிறகும் அவர் காணாமற்போனவர்களைத் தேடும் பணியை விடவில்லை.

போர் முடிந்ததும் தாய்லாந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்த அகதிகளே முதன்மைச் சாட்சிகள் ஆனார்கள். அங்கே பெல்லைப் போல மொழி தெரிந்த விசாரணையாளரின் அருமை புரியும். கண்ணால் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? எந்த ஊர், எந்தப் பருவம்? புதைத்தது யார், உடன் இருந்தது யார்? மொழிபெயர்ப்பாளர் வழியே கேட்டால் சாட்சியின் தயக்கம் பதிவாகாமல் போய்விடும். இறந்தவர்களுடையவை எனச் சொல்லப்பட்ட அடையாளத் தகடுகள் பற்றி ஆயிரக்கணக்கில் தகவல்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை காணாமற்போகாதவர்களின் பெயரைத் தாங்கியிருந்தன.

ஆனாலும் அகதிகளின் சொல்லை மொத்தமாகத் தள்ளியதும் தவறுதான். ஹனோயில் நூற்றுக்கணக்கான அமெரிக்கர்களின் எலும்புகள் சேமித்து வைக்கப்பட்டிருந்ததாக, அங்கே சடலங்களைப் பதப்படுத்தும் வேலை பார்த்த அகதி ஒருவர் 1980இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். பின்னர் வியட்நாம் ஒப்படைத்த எலும்புகள் சிலவற்றில், அவை நெடுங்காலம் சேமிப்பில் இருந்ததற்கான தடயங்களை ஆய்வகம் கண்டது. அந்நாட்டின் அமில மண்ணில் எலும்பு விரைவில் கரைந்துவிடும். பல இடங்களில் கிடைப்பது ஓரிரு பற்கள் மட்டுமே. ஆகவே எலும்பின் நிலையே ஒரு வாக்குமூலம் ஆனது.

1991இல் காணாமற்போனவர்களைத் தேட ஹனோயில் திறக்கப்பட்ட அமெரிக்க அலுவலகத்துக்கு பெல் முதல் தலைவரானார். மூன்று விமானிகள் உயிரோடு இருப்பதாகக் காட்டிய புகைப்படம் அமெரிக்காவைக் கொந்தளிக்க வைத்ததும் அதே ஆண்டில்தான். அது 1923இல் எடுக்கப்பட்ட சோவியத் விவசாயிகளின் படத்தைத் திருத்திச் செய்த போலி என்று பின்னர் தெரிந்தது. அந்தக் குடும்பங்களின் ஏக்கத்தோடு விளையாடியதை மன்னிக்கவே முடியாது.

சிலர் விடப்பட்டார்கள் என்றே பெல் செனட் விசாரணைக் குழுவிடம் சாட்சியம் அளித்தார். குழுவின் 1993 அறிக்கை, 1973க்குப் பின்னும் மிகச் சிலர் பிழைத்திருக்க வாய்ப்புண்டு என்று ஒப்புக்கொண்டது. இப்போதும் எவரேனும் சிறையில் உயிரோடு இருப்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. பெல்லின் முடிவை முழுதும் ஏற்க இயலாவிட்டாலும், சாட்சியை அவரவர் மொழியிலேயே கேட்டுப் பொருட்சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையே ஏற்கத் தக்கது.

வியட்நாம் தரப்பில் காணாமற்போனவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவர்களைத் தேட உதவுவதாக அமெரிக்கா 2021இல் உடன்பாடு செய்துகொண்டது. புதைத்த இடங்களைக் குறிக்கும் அமெரிக்கப் படை ஆவணங்கள், காத்திருக்கும் பெற்றோரும் உடன்பிறந்தோரும் கண்மூடும் முன்பே வியட்நாம் ஆய்வாளர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.