சோதனையில் அகப்படாத வலி

குருதிச் சோதனையில் குறையில்லை. குழாய் செலுத்திக் குடலுக்குள் பார்த்தபோதும் புண்ணோ கட்டியோ தென்படவில்லை. “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிடுகிறார். வயிற்று வலியோ நின்றபாடில்லை. கண்ணுக்குத் தெரியாத நோயை நோயென்று ஏற்க மருத்துவ உலகுக்கு எத்தனை காலம் பிடித்தது என்பதை அறிய, இன்று ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் நோயின் வரலாற்றை நாம் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம்.

1849-இல் லண்டன் மருத்துவ இதழொன்றில் வில்லியம் கம்மிங் என்பவர், ஒரே மனிதரின் குடல் ஒருசமயம் இறுகியும் மறுசமயம் இளகியும் போவதைப் பதிவு செய்தார். ஒரு நோய் இருவேறு முகம் காட்டுவது ஏனென்று தம்மால் விளக்க இயலாதென ஒப்புக்கொள்ளும் நேர்மை அவருக்கு இருந்தது. 1892-இல் வெளிவந்த வில்லியம் ஆஸ்லரின் மருத்துவப் பாடநூல் இதையொத்த நிலையொன்றை விவரித்தது. நரம்புத் தளர்ச்சியும் ஹிஸ்டீரியாவும் உடையோரிடம், அவருள்ளும் பெண்களிடம், அது மிகுதி என்றது. நோயாளியின் குணம் பற்றிய தீர்ப்பு இவ்வாறு நோயோடு ஒட்டிக்கொண்டது.

மனத்துக்கும் குடலுக்கும் தொடர்பே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. 1940-களில் நியூயார்க்கில் தாமஸ் ஆல்மி அத்தொடர்பைக் கண்ணால் கண்டார். குடலுக்குள் கருவி செலுத்தப்பட்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவரிடம், புற்றுநோய் இருக்கக்கூடும் என்ற அச்சம் ஊட்டப்பட்டது. குடல் இறுகித் துடித்தது. அது வெறும் நாடகம் என்று விளக்கியதும் தளர்ந்தது. இன்றைய அறநெறி ஒப்பாத சோதனைதான். ஆயினும் அந்த மாணவர் நோயாளியல்லர் என்பதே இதில் முக்கியம். அஞ்சினால் எவர் குடலும் இறுகும்; அது குணக்கேடன்று.

1962-இல் ஆக்ஸ்போர்டில் சௌத்ரியும் ட்ரூலவும் 130 நோயாளிகளை ஆராய்ந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்குத் தொல்லை தொடங்கியது ஒரு வயிற்றுக்கடுப்புக்குப் பிறகு. கிருமி நீங்கிய பின்னும் குடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இதற்குப் பெருஞ்சான்று கனடாவின் வாக்கர்டன் என்னும் சிற்றூரில் கிட்டியது. 2000 மே மாதத்துக் கனமழையில் மாட்டுச்சாணக் கழிவு ஊர்க் கிணறொன்றில் கலந்தது. குளோரின் அளவைப் பதியவேண்டியவர்கள் பொய்க்கணக்கு எழுதிவந்திருந்தனர். ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்த ஊரில் 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், எழுவர் மாண்டனர். பிழைத்தோரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். மருத்துவ நோக்கில் தொற்று இருந்ததாகக் கருதப்பட்டவர்களில் 36 விழுக்காட்டினருக்கும், தொற்றாதவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் ஐ.பி.எஸ். காணப்பட்டது. எட்டாண்டு கழித்தும் அந்த வேறுபாடு மறையவில்லை. ஓர் ஊரே ஒரே வாரத்தில் குணம் கெட்டுப்போனது என்று இனி எவரும் சொல்ல முடியாது.

நோயை ‘மற்றவை எல்லாம் இல்லை’ என்று விலக்கிக் காணாமல், அறிகுறிகளைக் கொண்டே காணும் வழியை 1978-இல் பிரிஸ்டல் மருத்துவர்கள் வகுத்தனர். ரோம் நெறிமுறைகள் அதை வளர்த்தெடுத்தன. 2016-ஆம் ஆண்டு வடிவத்தின்படி, கடந்த மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒருநாளேனும் வலி இருக்கவேண்டும். மலங்கழித்தலோடு அதற்குள்ள தொடர்பு, மலம் கழியும் எண்ணிக்கையில் மாற்றம், அதன் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருக்கவேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்கவேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லா எடைக்குறைவு, இரத்தசோகை, ஐம்பது வயதுக்குப்பின் புதிதாகத் தொடங்கும் தொல்லை ஆகியவை வேறு நோயின் எச்சரிக்கைகள், அவற்றை ஐ.பி.எஸ். என்று தள்ளிவிடலாகாது.

தணிக்கும் வழிகளும் இவ்விரு பாதைகளிலிருந்தே வந்தன. 1984-இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் அறிதுயில் முறையால் பயன் கண்டார். 2005 தொடங்கி மெல்பர்ன் ஆய்வாளர்கள், குடலில் எளிதில் புளித்து வாயு பெருக்கும் மாவுச்சத்துகளைக் குறைக்கும் உணவுமுறையை உருவாக்கினர். வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகள் சில வாரங்கள் விலக்கப்பட்டு, பின் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படுகின்றன. வாழ்நாள் முழுதும் விலக்குவதற்கன்று. இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்தும் பலருக்கு உதவுகிறது. இவற்றுள் எதுவும் நோயை வேரறுப்பதில்லை, வாழத்தக்கதாக்குகின்றன.

கம்மிங் தம் அறியாமையை ஒப்புக்கொண்டார். பின்வந்தோர் அதை நோயாளியின் குற்றமாக்கினர். “ஒன்றுமில்லை” என்பதற்கு “எங்கள் கருவிக்கு எட்டவில்லை” என்பதே பொருள் என்று நாம் உணர்ந்தால், வலியோடு வருபவர் பொய்யராக வீடு திரும்ப வேண்டியிராது.