பொறி இரண்டு, சுற்று ஒன்றா? ஆர்.பி.எம். மீட்டரின் கதை

போன மாதம் சித்தப்பா கடை ஜெனரேட்டரில் நான் பண்ணிய கூத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஆர்.பி.எம். மீட்டர் ஒன்று வாங்கினேன். அதன் வயரை ஸ்பார்க் பிளக் வயர் மேல் ஐந்தாறு சுற்று சுற்றினால் போதும். எதையும் வெட்ட வேண்டாம், உரிக்க வேண்டாம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், ஒரே சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று பாடப்புத்தகம் சொன்னபடியே செட்டிங் வைத்தேன். மீட்டர் 6200 காட்டியது!

நம் ஊர் கரண்டுக்கு 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் அந்த மாதிரி ஜெனரேட்டர் 3000-த்தை ஒட்டித்தான் ஓட வேண்டும். இரண்டு மடங்கு வேகத்தில் ஓடினால் கனெக்டிங் ராட் உடைந்து வெளியே வந்துவிடும். பதறிப்போய் கவர்னர் ஸ்க்ரூவைத் திருகிக் குறைத்தேன். மீட்டர் 4500 வருவதற்குள் பல்பு மங்கி, ஃபிரிட்ஜ் உறுமியது. சித்தப்பா ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தார். "இத்தன நாளா ஒழுங்காத்தானடா ஓடுச்சு?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது.

இயந்திரத்தின் ஓட்டத்தை எண்ணும் பழக்கத்துக்குப் பின்னால் இருந்தது காசு. ஜேம்ஸ் வாட்டும் அவருடைய பங்குதாரர் மாத்யூ போல்டனும் கார்ன்வால் சுரங்கங்களுக்கு நீராவி இயந்திரம் கொடுத்தபோது ஒரு வினோதமான ஒப்பந்தம் போட்டார்கள். பழைய நியூகோமன் இயந்திரத்தை விட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு! சரி, இயந்திரம் எத்தனை தடவை இயங்கியது என்று யார் எண்ணுவது? அதற்காக இயந்திரத்தில் ஒரு எண்ணியைப் பொருத்தி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். (நம்ம ஆட்டோ மீட்டர் ஞாபகம் வருகிறதா?) ஆனால் அது மொத்தக் கணக்கு மட்டுமே. இந்த நிமிடம் என்ன வேகம் என்று சொல்லாது.

1788-இல் வாட் தன் இயந்திரத்தில் சுழலும் இரண்டு குண்டுகள் கொண்ட கவர்னரைச் சேர்த்தார். வேகம் கூடினால் குண்டுகள் விலகும், நீராவி குறையும். வேகத்தைக் கட்டுப்படுத்தும், ஆனால் எண்ணாகக் காட்டாது. காட்டும் வேலையை எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் பிரையன் டோன்கின். காகிதம் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியவரும் இவர்தான். பாதரசக் கிண்ணத்தைச் சுழற்றினால் நடுவில் பாதரசம் குழியும். அதோடு சேர்ந்த கண்ணாடிக் குழாயில் திரவ மட்டம் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் வேகம். எவ்வளவு எளிமை பாருங்கள்! 1817-இல் ஜெர்மனியின் டீட்ரிச் ஊல்ஹார்னும் மையவிலக்கு விசையை வைத்தே ஒரு மீட்டர் செய்தார்.

1902-இல் ஸ்ட்ராஸ்பர்க்கைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்ஸே சுழலும் காந்தத்தையும் உலோகக் கிண்ணத்தையும் வைத்து வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். கேபிள் வைத்த பழைய பைக் ஸ்பீடோமீட்டருக்குள் இருப்பது அதே தத்துவம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜெர்மானியர் ஹெர்மன் ஃப்ராம் செய்த நாக்கு மீட்டர். நீளம் வேறுவேறான எஃகு நாக்குகள் வரிசையாக இருக்கும். இயந்திரம் அதிரும்போது அந்த வேகத்துக்குப் பொருந்தும் நாக்கு மட்டும் படபடவென ஆடும். இதே தத்துவத்தில் சின்ன இன்ஜின் மெக்கானிக்குகளுக்காக சட்டைப்பையில் வைக்கும் கருவியும் வந்தது. இன்ஜின் மேல் அழுத்தி, ஒரு கம்பியை நீட்டிக்கொண்டே போனால் சரியான நீளத்தில் அது விசிறியாக விரியும். பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்தால் முடிந்தது. கவனியுங்கள், அது பொறியை எண்ணவே இல்லை, அதிர்வைப் பார்த்தது. அது என் கையில் இருந்திருந்தால் சித்தப்பாவிடம் திட்டு வாங்கியிருக்க மாட்டேன்.

இப்போது என் 6200-க்கு வருவோம். 1887-இல் ராபர்ட் போஷ் நிலையான இன்ஜின்களுக்கு மேக்னெட்டோ செய்தார். 1902-இல் அவருடைய கம்பெனியைச் சேர்ந்த கோட்லோப் ஹோனோல்ட் ஸ்பார்க் பிளக்கோடு சேர்ந்த உயர் அழுத்த மேக்னெட்டோவைக் கொண்டுவந்தார். அது இன்ஜினில் தனியாகப் பொருத்தும் கருவி, தனி பல்சக்கரம் வேண்டும். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யிலோ ஃப்ளைவீலிலேயே 16 காந்தங்கள். சின்ன இன்ஜின்களில் இது இன்னும் சுருங்கியது. ஃப்ளைவீலில் காந்தம், பக்கத்தில் ஒரு காயில், அவ்வளவுதான்.

சிக்கல் இங்கேதான். ஃப்ளைவீல் கிராங்க் ஷாஃப்டில் இருக்கிறது. எனவே காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் காயிலைக் கடக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் பொறி வருகிறது. நாலு ஸ்ட்ரோக்கில் ஒரு பொறி பெட்ரோலைக் கொளுத்தும், அடுத்தது புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் போகும். வீணானால் நஷ்டமில்லை, ஒரு பல்சக்கரம் மிச்சம். பாடப்புத்தகத்தில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி, சித்தப்பாவின் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு இரண்டு பொறி. மீட்டர் ஒவ்வொரு பொறிக்கும் இரண்டு சுற்று என்று கணக்குப் போட்டு 3100-ஐ 6200 ஆக்கிவிட்டது.

மறுநாள் செட்டிங்கை ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்று மாற்றி, கவர்னர் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். லோடு இல்லாமல் 3120. ஃபிரிட்ஜைப் போட்டதும் 3000-த்தை ஒட்டி நின்றது. சித்தப்பா மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நேத்து மீட்டர் பொய் சொல்லிச்சா, நீ பொய் சொன்னியா?" என்று கேட்டார்.