பந்து தீட்டில்லை, குவளை தீட்டு!

தோழர்களே, 1947இல் அமெரிக்க பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனை அறிவோம். அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே, 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தவர் பல்வங்கர் பாலூ. திருக்கனூரில் மட்டை பிடிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் கிளப்பின் ஆடுகளத்தைப் பராமரிக்கும் கூலியாள். அவர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசியே தன் இடக்கைச் சுழலைக் கூர்தீட்டினார். வெற்றிக்காக அவரைச் சேர்த்துக்கொண்ட புனே இந்து அணி, தேநீர் வேளையில் வெளியே நிறுத்தி மண்குவளையில் கொடுத்தது. அவர் தொட்ட பந்து தீட்டில்லை, குவளைதான் தீட்டு! பம்பாய் நாற்கோணப் போட்டியில் இந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1923இல்தான் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது.

பிறகு அரசியல். 1932இல் எம்.சி.ராஜாவைப் போலவே தனி வாக்காளர் தொகுதியை எதிர்த்துக் காந்தியின் பக்கம் நின்றார். 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் அவரை யாருக்கு எதிராக நிறுத்தியது தெரியுமா? அவரைப் போற்றி வளர்ந்த அம்பேத்கருக்கு எதிராக! பாலூ தோற்றார், 1955இல் மறைந்தார்.

அவரைத் துரோகி என்று ஒரே சொல்லில் ஒதுக்க வேண்டாம். விக்கெட்டுக்கு அவரை அழைத்தவர்கள் தலைமைக்கு அழைக்கவில்லை. வாக்குக்கு மட்டும் மறுபடி அழைத்தார்கள். கைதட்டல் வேறு, அதிகாரம் வேறு. பாலூவின் வாழ்க்கை நமக்குச் சொல்வது இதைத்தான்.